உபின் தீவின் செம்மண் பாதையைச் செப்பனிடுவது

மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், செக் ஜாவா கடற்கரைக்குப் போகும் வழியில், ஓர் இறக்கத்தின் மேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாதையின் நடுவே விழுந்திருந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே விரற்கடை ஆழத்தில் தொடங்கிய அந்தக் கோடு, டயர் அகலத்துக்கு மேல் விரியாமல் நேராகக் கீழிறங்கி, பாதி இறக்கத்தில் ஒரு சாண் ஆழமாகி, குறுக்கே கிடந்த ரப்பர் மரத்து வேரைத் தோலுரித்துக் காட்டிவிட்டு, அடியில் செம்மண் குழம்பாகப் பரவி முடிந்திருந்தது. அந்தக் குழம்பை மிதிக்க மனமில்லாமல் நடந்து வந்தவர்கள் ஓரத்துப் புல்லில் ஏறி நடந்திருந்தார்கள். புல் இருந்த இடத்தில் இரண்டாவதாக ஒரு தடம் உருவாகத் தொடங்கியிருந்தது. நாட்டுப்புறப் பாதைகளைச் செப்பனிடுவது பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த இறக்கம்தான் நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் நடப்பவருக்கும் சைக்கிளோட்டிக்கும் காட்டுக்கும் இடையே உள்ள வழக்கு முழுவதும் அந்த முப்பது நாற்பது அடிக்குள் அடங்கியிருந்தது.

பாதையை மேம்படுத்துவது என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைகளில் வளர்ந்த நமக்கு மனத்தில் எழும் படம் ஒன்றுதான்: அகலப்படுத்தி, சமன்படுத்தி, மேலே தாரோ காங்கிரீட்டோ போட்டு, சிவப்புக் கோடு வரைந்து, ஓரத்தில் விளக்குக் கம்பம் நடுவது. 2030க்குள் நாடு முழுவதும் சைக்கிள் பாதைகளின் நீளத்தை 1,300 கிலோமீட்டருக்குக் கொண்டுவரும் திட்டத்தில் நிலப் போக்குவரத்து ஆணையம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு அது சரியான வேலை. அதே முறையைக் காட்டுக்குள்ளும் கிராமத்துக்குள்ளும் கொண்டுபோனால், எதைப் பார்ப்பதற்காக மக்கள் அங்கே வருகிறார்களோ அதையே பாதை தின்றுவிடும். அதற்காக ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாம் என்பதும் பிழை. மேலே சொன்ன கோடு ஒன்றுமே செய்யாமல் விட்டதால் விழுந்ததுதான்.

உபினின் பாதைகள் உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், ஜோகூர் நீரிணைக்குள் கிடக்கும் இந்தத் தீவின் பரப்பு சுமார் 1,020 ஹெக்டர். பெயரே கல்லிலிருந்து வந்தது. தரையில் பதிக்கும் ஓட்டுக்கு மலாயில் உபின் என்று பெயர். 1851இல் ஒளி ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கருங்கல் போனது. கடைசிக் கல்குவாரி 1999இல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் சுமார் 2,000 பேர் வாழ்ந்த தீவில் இன்று இருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். பெருநிலத்து மின்கம்பி அங்கே போகவில்லை, டீசல் இயந்திரமும் சூரியத் தகடுகளும்தான் வெளிச்சம் தருகின்றன. ஆக, இன்று நாம் சைக்கிளில் போகும் வழிகளில் பெரும்பகுதி கல் ஏற்றிய லாரிக்கும், ரப்பர் பால் எடுக்கப்போன ஆளுக்கும், படகுத்துறைக்குக் காய்கறி கொண்டுபோன தள்ளுவண்டிக்கும் உருவானவை. அவர்களுக்கு வேண்டியது குறுக்குவழி. ஏற்றம் இருந்தால் நேராக ஏறி நேராக இறங்குவார்கள். மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை வேலைக்காரனுக்கு நேரவிரயம். ஆனால் மண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு.

ஏன் என்றால், சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் கூடுதல். ஆண்டில் ஏறத்தாழ 170 நாள்கள் மழை நாள்கள். அதிலும் பல மழைகள் அரைமணி நேரத்தில் வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டித் தீர்ப்பவை. நேராக இறங்கும் பாதையில் அந்தத் தண்ணீர் வெளியேற வழியின்றிப் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. நடப்பவரின் கால் விட்டுவிட்டுப் பதிகிறது. சைக்கிளின் டயரோ இடைவெளியே இல்லாமல் ஒரே கோடாகப் பதிகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பின்சக்கரம் வழுக்கினால் அந்தக் கோடு இன்னும் ஆழமாகிறது. தண்ணீருக்கு அதைவிட வசதியான மடை கிடைக்குமா? இரண்டு பருவமழைக்குள் கோடு பள்ளமாகி, பள்ளம் வேரைத் தொட்டுவிடுகிறது.

இதில் மண்ணின் குணமும் சேர்ந்துகொள்கிறது. கருங்கல் வெப்பமண்டல மழையில் நனைந்து நனைந்து சிதையும்போது ஒரு பகுதி களிமண்ணாகவும், சிதையாத குவார்ட்ஸ் துகள்கள் மணலாகவும் பிரிகின்றன. மழைக்குப் பின் களிமண் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். வெயில் காய்ந்த பிறகு மேலே கிடக்கும் மணல் துகள்கள் காலடியிலும் டயரடியிலும் கோலிக்குண்டுபோல் உருளும். உபினில் சைக்கிளிலிருந்து விழுகிறவர்கள் ஈரத்தில் மட்டும் விழுவதில்லை, காய்ந்த நாளிலும் விழுகிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். செங்குத்தான சில இறக்கங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்படி பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை மதிப்பவர்கள் அதிகம் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தெரியாமல் இல்லை. தீவின் மேற்கில், மூடப்பட்ட கெத்தாம் கல்குவாரியைச் சுற்றி சுமார் 45 ஹெக்டரில் 2008இல் திறக்கப்பட்ட மலைச் சைக்கிள் பூங்கா, சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் வழிகாட்டுதல்களை ஒட்டி அமைக்கப்பட்டது. அந்த வழிகாட்டுதல்களைப் படித்தால் அவற்றில் சைக்கிளைவிடத் தண்ணீரைப் பற்றிய பேச்சே அதிகம் இருப்பதைக் காணலாம். பாதையின் சராசரிச் சரிவு பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதாவது பத்து மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. குன்றின் பக்கவாட்டுச் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக்கூடாது. இருந்தால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து இறங்கத் தொடங்கிவிடும். பாதையின் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் தாழ்வு போதும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட இறக்கத்தின் நடுநடுவே பாதையைச் சிறிது தூரம் மேலேற்றி மறுபடி இறக்க வேண்டும். அந்தச் சிறு மேட்டைத் தாண்ட முடியாமல் தண்ணீர் அங்கேயே பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். நம் தாத்தாமார் வயலில் வரப்பு வைத்து மடை வெட்டிய அறிவுதான் இது. பாட்டுக்கு மெட்டு மட்டும் புதிது.

கெத்தாமின் தடங்களில் நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று கடினத்தைக் குறிக்கும் அடையாளங்கள் இருக்கின்றன. பழகாதவர்கள் தெரியாமல் நுழைந்து அடிபடாமல் இருக்க அவை உதவுகின்றன. அதைவிட முக்கியமாக, வேகமாகவும் துள்ளலாகவும் ஓட்ட விரும்புகிறவர்களுக்கென்று தனி இடம் கிடைத்துவிட்டதால், அவர்கள் நடப்பவர்கள் இருக்கும் வழிகளில் வந்து விளையாட வேண்டிய தேவை குறைகிறது. பெருநிலத்தில் இந்த எண்ணத்தை இன்னும் தெளிவாகச் செயல்படுத்தியது செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. 81 ஹெக்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் நடப்பவர்களுக்கு 5.6 கிலோமீட்டரும் மலைச் சைக்கிள்களுக்கு 8.2 கிலோமீட்டரும் தனித்தனித் தடங்களாக வெட்டப்பட்டன. ஒரே காட்டுக்குள் இரண்டு பாதை வெட்டினால் காட்டுக்கு இரட்டிப்புச் சேதம் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இரு தரப்பும் ஒரே தடத்தில் போக வேண்டுமென்றால் அது ஒருவர் விலகி மற்றவர் கடக்கும் அளவுக்கு அகலமாக இருந்தாக வேண்டும். மேலே மரக்கிளைகள் கைகோத்துக்கொள்ளும் அளவுக்குக் குறுகலான இரண்டு தடங்கள், வானம் தெரியும் ஓர் அகலப் பாதையைவிடக் காட்டைக் குறைவாகவே பிளக்கின்றன. அகலமான பாதையில் வெயில் இறங்கும். வெயில் இறங்கினால் ஓரத்து மண் காய்ந்து, நிழலில் வளரும் செடிகள் போய், கொடிகளும் களைகளும் ஏறிவிடும்.

வேகத்தின் கணக்கையும் பார்க்கலாம். பூங்கா இணைப்புப் பாதைகளிலும் பகிர்வுப் பாதைகளிலும் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். சைக்கிள் ஓட்ட அனுமதியுள்ள நடைபாதைகளில் உச்ச வேகம் 10 கிலோமீட்டர். 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏழு மீட்டர். எதிரே ஒரு பிள்ளை ஓடிவருவதைக் கண்டு விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த ஏழு மீட்டர் போய்விடும். உருளும் சரளையில் வண்டி நிற்பதற்கு மேலும் சில மீட்டர் வேண்டும். நகரத்தில் இதைக் கருதியே 2025 ஜூலை 1 முதல், பக்கத்தில் சைக்கிள் பாதை உள்ள நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டன. இந்த வேகக் கணக்கெல்லாம் காங்கிரீட்டை மனத்தில் வைத்துப் போட்டது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத மண்பாதையில் பத்துகூட அதிகம்தான்.

செக் ஜாவாவின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பாதை எதற்காக என்பதையே அது மாற்றிப் போட்டது. தீவின் கிழக்கு முனையில், கடல் வற்றும் வேளையில் வெளியே தெரியும் கடற்புல் தரையும் மணல்திட்டும் சதுப்புநிலக் காடும் கொண்ட அந்தக் கரையை மண் கொட்டி நிரப்பி நிலமாக்கும் திட்டம் இருந்தது. 2001இல் செய்தி பரவியதும், மூழ்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மக்கள் திரண்டார்கள். இயற்கை ஆர்வலர்கள் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து அறிக்கைகளும் வேண்டுகோள்களும் அனுப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. காப்பாற்றப்பட்ட உடனே அடுத்த ஆபத்து வந்தது: காப்பாற்றியவர்களின் கால்கள். வற்றிய கடலில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி நடந்தால், மணலுக்கடியில் இருக்கும் நண்டுக்கும் கடல்வெள்ளரிக்கும் நட்சத்திர மீனுக்கும் புல்டோசர் வந்தாலும் இவர்கள் வந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. 2007இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பலகைப்பாதை அதற்கான விடை. ஒரு கிளை கடலின் மேலும், மற்றொரு கிளை சதுப்புநிலத்தின் மேலும் போகிறது. நடுவில் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் ஜெஜாவி கோபுரம். மனிதரை ஓரிடத்துக்குக் கொண்டுபோகும் அதே நேரத்தில் அந்த இடத்தை மிதிக்க விடாமல் தடுக்கும் பாதை அது.

அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நுழைவாயிலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். என் மனத்துக்கு இந்தத் தீவில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவுகளில் இது ஒன்று. சைக்கிள் தூரத்தைக் கடப்பதற்கு. படகுத்துறையிலிருந்து நாற்பது நிமிடம் நடக்க வேண்டியதைக் கால் மணி நேரமாக்குகிறது. போய்ச் சேர்ந்த பின் பார்க்க வேண்டியது விரல்நுனி அளவே உள்ள படைவீரர் நண்டு என்றால் அதைச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பார்க்க முடியாது. நல்ல வழித்தடம் என்பதில் இறங்க வேண்டிய இடமும் அடக்கம். அந்த இடத்தில் நிழலும், பூட்டுவதற்குக் கம்பியும், குடிக்கத் தண்ணீரும் இருந்தால் முணுமுணுப்பு பாதியாகிவிடும்.

பாதையை மூடுவதும் பராமரிப்பில் சேரும் என்பதைப் புக்கிட் தீமா காட்டியது. 163 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றையும் அதைச் சுற்றிய 163 ஹெக்டர் காப்புக்காட்டையும் வார இறுதிகளில் மக்கள் மொய்த்தார்கள். நடைத்தடங்கள் விரிந்தன, வேர்கள் வெளியே வந்தன, சரிவுகள் தளர்ந்தன. 2014 செப்டம்பரில் தொடங்கிய சீரமைப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டு நீடித்து, 2016 அக்டோபரில்தான் காடு முழுமையாகத் திறக்கப்பட்டது. சரிவுகளை வலுப்படுத்தினார்கள்; தேய்ந்த இடங்களில் படிகளும் தரையிலிருந்து உயர்த்திய நடைத்தளங்களும் கட்டினார்கள்; ஓரங்களில் கைப்பிடி வேலி வந்தது. கைப்பிடி முதியவர்களுக்காக என்று நினைக்கிறோம். அதோடு நடப்பவர்களைத் தடத்துக்குள் வைத்திருக்கும் வேலையையும் அது செய்கிறது. கையில் பிடி கிடைத்தால் சேற்றைக் கண்டு புல்லில் ஏற யாருக்கும் தோன்றாது. உபினில் நான் பார்த்த இரண்டாவது தடம் அங்கே உருவாகாததற்கு அந்த எளிய கம்பிதான் காரணம்.

மேற்பரப்பு பற்றிய சண்டை மிகக் காரசாரமாக நடந்தது தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் தடத்தில். தமிழர்களுக்கு அந்தத் தடம் அந்நியமானது அல்ல. 1903இல் தொடங்கி 1932இல் தடம் மாற்றப்பட்ட அந்த ரயில்பாதையில் தண்டவாளம் பார்த்தவர்களிலும் சமிக்ஞை இழுத்தவர்களிலும் கணிசமானோர் நம்மவர்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், குவீன்ஸ்வே பக்கம் மலாயா ரயில்வே ஊழியர்கள் 1932இல் வைத்து வழிபட்ட சிறு குடிலிலிருந்து வளர்ந்ததுதான். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே, இந்தத் தடத்தைத் துண்டு துண்டாக விற்காமல் ஒரே பசுமைத் தொடராக வைத்திருக்க வேண்டுமென்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் முன்மொழிவு வைத்திருந்தது.

தண்டவாளம் போன பின் இருந்தது புல்லும் சேறும். சிலர் அதை அப்படியே விட வேண்டும் என்றார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் குழந்தை வண்டி தள்ளுபவரும் அந்தச் சேற்றில் எப்படி வருவார்கள் என்று வேறு சிலர் கேட்டார்கள். பல பகுதிகளில் கடைசியில் வந்தது நடுவழி. தண்ணீரை உள்ளே விடும் நுண்சரளையை அழுத்திப் பரப்பி, இரு ஓரமும் புல்லாக விட்டார்கள். காங்கிரீட் போட்டிருந்தால் மேலே விழும் மழை முழுவதும் ஓரத்துக்கு ஓடி அங்கே பள்ளம் பறித்திருக்கும். நுண்சரளையோ குடித்துக்கொள்கிறது, ஆனால் சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி நிரப்பி அழுத்த வேண்டும், செலவு முடிவதே இல்லை. சேற்றை விரும்பியவர்கள் இந்த வழக்கில் தோற்றது சரி என்றே எனக்குப் படுகிறது, புல்லில் ஈரக் காலோடு நடந்த அந்தச் சில ஆண்டுகளை நான் இன்னும் ஏங்கி நினைத்தாலும். ரயில் தடத்துக்கு ஒரு வசதி, அது ரயிலுக்காகப் போட்டது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடம் முழுவதும் சரிவு மிகக் குறைவு. தண்ணீர் பிரச்சினையில் பாதியை ஆங்கிலேயப் பொறியாளர்கள் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே தீர்த்து வைத்துவிட்டார்கள். உபினின் லாரிப் பாதைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விளக்கைப் பற்றி நான் ஒரு பக்கம் சாய்ந்தவன். காட்டுப் பாதையில் விளக்கு வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டு உபினில் மீண்டும் கண்டறியப்பட்ட பெரிய சருகுமானும், எறும்புத்தின்னியும் இரவில் வெளியே வருபவை; வெளிச்சமான ஒரு கோடு அவற்றுக்குச் சுவர் மாதிரி. பகலில் நடமாடும் விலங்குகளுக்கும் பாதை ஒரு தடைதான் என்பதால் தாம்சன் இயற்கைப் பூங்காவை ஒட்டிய பழைய அப்பர் தாம்சன் சாலையின் மேல், மரத்திலிருந்து மரத்துக்குப் போகும் ராஃபிள்ஸ் மந்திகளுக்காகக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். தரையில் நமக்குப் பாதை போட்டால் மேலே அவற்றுக்கும் ஒன்று போட வேண்டியிருக்கிறது.

இத்தனையும் சொன்ன பின், உபினில் நடப்பவருக்குக் கிடைப்பது என்ன என்று பார்த்தால் மனம் நிறையவில்லை. வேகமாக ஓட்டுபவருக்குக் கெத்தாம் இருக்கிறது. பலகைப்பாதை செக் ஜாவாவுக்குள்தான் தொடங்குகிறது. படகுத்துறையிலிருந்து அதுவரை உள்ள முதன்மைச் சாலையில் நடப்பவரும், வாடகை சைக்கிளும், கிராமத்து வேன்களும் ஒன்றாகத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சாலையில் ஒரு பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பாருங்கள், வளைவுக்கு வளைவு மணியோசையும் கூச்சலும் கேட்டு ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கியே அவருக்கு அலுத்துவிடும். கட்டுமானத்தில் பணம் போடுவதென்றால் முதலில் இந்த மூன்று கிலோமீட்டரில்தான் போட வேண்டும்: சாலைக்கு இணையாக, சற்றுத் தள்ளி, பழைய ரப்பர்த் தோட்டத்துக்குள்ளும் தென்னந்தோப்புக்குள்ளும் வளைந்து போகும் ஒரு மீட்டர் அகல நடைத்தடம். தார் வேண்டாம், விளக்கு வேண்டாம். மேலே சொன்ன ஐந்து சென்டிமீட்டர் தாழ்வும் நடுநடுவே சிறு மேடும் இருந்தால் போதும். காட்டுப்பன்றி ஓரத்தைக் கிளறிப்போட்டால் மறுநாள் மண்வெட்டியோடு போய்ச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். பாதைக்கான செலவுப் பட்டியலில் அந்த இரண்டு பேரை மறந்துவிடுவது நம் வழக்கம்.

பாதையைப் பற்றியே பேசிவிட்டு அதன் மேல் ஓடும் வண்டியை விட்டுவிடுவதும் சரியில்லை. படகுத்துறைக்கு எதிரே வரிசையாக நிற்கும் வாடகை சைக்கிள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருமுறை கிளம்பினேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பக்கத்தில், விடுமுறை நாளில் நண்பர்களோடு வந்திருந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம் என்றார், என் வண்டியின் பின்பிரேக் கைப்பிடியை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டுது. வேற வண்டி மாத்திக்குங்க, இறக்கத்துல காலைத்தான் ஊன்றணும்,” என்றார். சோம்பலில் மாற்றவில்லை. இரண்டாவது இறக்கத்தில் அவர் சொன்னபடியே காலை ஊன்றினேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கிளம்புமுன் பிரேக் கைப்பிடிக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி நிற்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. பிரேக் சரியாகப் பிடிக்கும் வண்டி மெதுவாக இறங்கும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாது, மண்ணில் கோடும் விழாது. வாடகை வண்டிகளின் பிரேக்கை ஒழுங்காகச் சோதிக்கச் செய்வது, எந்த இறக்கத்துக்கும் காங்கிரீட் போடுவதைவிட மலிவான மண்பாதுகாப்பு.

வடகரையில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மேலிருந்து வரும் தண்ணீரோடு கீழிருந்து வரும் கடலும் சேர்ந்துகொள்கிறது. நூர்டின் கடற்கரைப் பக்கம் அலை கரையை அரித்து, மரங்களின் அடிமண்ணைப் பறித்துப்போக, கரையோரத்தை மூடிச் சீரமைக்க வேண்டியதாயிற்று. கரையை ஒட்டிய பாதையைக் கல் அடுக்கிக் காப்பாற்றலாம். ஆனால் கல் அடுக்கிய இடத்தில் திரும்பும் அலை பக்கத்துக் கரையைத் தோண்டும், சதுப்புநிலச் செடி ஊன்றவும் இடம் இருக்காது. கரையோரப் பாதையை அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டு, முப்பது நாற்பது மீட்டர் உள்ளே புதிதாக ஒரு தடம் வெட்டி, விட்ட இடத்தில் சதுப்புநிலக் கன்றுகளை நடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடலைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்டும் சுகம் போய்விடும். இரண்டு மூன்று இடங்களில் கிளைத்தடம் விட்டால், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்துபோய், ஜோகூர்க் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கடைசிப் படகு இருட்டுவதற்குள் கிளம்பிவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.